அப்பா கடைசியாகப் பேசியது

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் மகள் சின்னவளுக்கு மட்டும் சளி, அது அவளோடு கூடப் பிறந்தது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அப்பா அடக்கத்தன்று பார்த்தபோது அங்கி உன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடுகிறாயா, இல்லை செபத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் கத்துவேன், நீ வாயை மூடிக்கொள்வாய், பிறகு இரண்டு பேரும் மாறி மாறி மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். எழுத்தில் நீ அப்படி நழுவ முடியாது என்று ஒரு நம்பிக்கை.

நீ பெட்டியின் தலைமாட்டில் நின்று செபம் வாசித்தபோது நான் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். உள்ளே வந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கால் வரவில்லை. அப்பா என்னைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது, "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்பதுதான். எந்த வாசல் என்று அவர் விளக்கம் சொல்லவில்லை. அவர் இருக்கிற எல்லா வாசலும் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் கோபமும் நியாயம்தானோ என்னவோ. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஞானபாடம் எடுத்த உபதேசியாரின் மகள், கோவில் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒரு மெக்கானிக்கைப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டால் எந்த உபதேசியார்தான் சிரிப்பார்? அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்றிருப்பாள். அவளும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கடைசியில் அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? நீதான் பக்கத்தில் இருந்தாய். என்னை மன்னித்தாரா? இல்லை, செத்தாலும் அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாரா? எதுவானாலும் எழுது. நல்லதாக இருந்தால் அழுதுவிட்டு வேலைக்குப் போவேன். கெட்டதாக இருந்தாலும் அதேதான்.

உன் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா

மார்ச் 2

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். நான் நலம். இருமல் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அப்பாவிடம் இருந்து வந்த சொத்து அது ஒன்றுதான். அத்தானை விசாரித்ததாகச் சொல். சின்னவளுக்கு வெந்நீரில் ஆவி பிடி.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தபோது அவர் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் படங்களும் சிலுவையும் மாட்டிய ஆணிகள். அப்பாவின் சட்டைகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தேன். எல்லாச் சட்டையிலும் இடது பை மட்டும் தொய்ந்துபோயிருந்தது, செபமாலையும் சாக்பீஸும் போட்டுப் போட்டு. அம்மாவின் தையல் மெஷினை உனக்கு அனுப்பட்டுமா?

கடைசியில் அப்பா ரொம்பக் கஷ்டப்படவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. காது போய் இரண்டு வருஷம் ஆகிறதே, மெஷின் வாங்கிக் கொடுத்தேன். "இது என்ன காதுக்குள்ள ரயில் ஓடுது" என்று கழற்றிப் போட்டுவிட்டார். தனக்கே கேட்கவில்லை என்பதால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். பங்குச்சாமியின் பிரசங்கத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது தெரு முழுக்கத் தெரியும். ஒரு நர்ஸம்மா கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை, ஆனால் அப்பாவுக்கு வாய்க்கு வாய் பதில் சொல்லுவார். அதனால் அவரை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. உனக்காகத் தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. இருமலுக்கு டாக்டரைப் பார், செபத்தோடு நிறுத்திக்கொள்ளாதே.

சாவி, ஆணி, சட்டைப்பை, காது மெஷின் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். நான் கேட்டது அதில் எங்கே? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் அத்தான் எட்டிப்பார்த்துவிட்டு, "பின்பக்கமும் பாரு, அங்க எழுதியிருப்பான்" என்றார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

நேற்று கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். என் வேலை தெரியும்தானே, கண் சோதித்துக் கண்ணாடி பொருத்திக் கொடுப்பது. அவர் மூக்கின் மேல் பிரேமை வைத்தபோது, அப்பாவைப் போலவே தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியின் கீழ்வழியாக என்னைப் பார்த்தார். தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அவருக்கு அளவு தப்பாக எடுத்து மறுபடி எடுத்தேன்.

நீ சின்ன வயதில் பிஸ்கட்டை வைத்துப் பூசை விளையாடுவாயே, நான்தான் உன் சபை. நான் மட்டும் மண்டி போட்டுக் காத்திருப்பேன், நீ பெரிய துண்டைத் தின்றுவிட்டு எனக்குத் தூளைக் கொடுப்பாய். இப்போதும் தூளைக் கொடுக்காதே. அப்பா என்ன சொன்னார்? ஒரு வரி போதும்.

அக்கா

ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

தாமதத்தைப் பொறுத்துக்கொள். டாக்டரைப் பார்த்துவிட்டேன், மருந்து கொடுத்திருக்கிறார். நீங்கள் எல்லோரும் சுகமா?

பல தடவை உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. இனியும் தள்ளிப்போடுவது உனக்கு நான் செய்யும் அநியாயம்.

அன்று பங்குச்சாமி வெளியூர் போயிருந்தார். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது பக்கத்துப் பங்கிலிருந்து ஆளை வரவழைக்க நேரமில்லை. அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டது நான்தான். எண்ணெய் தொட்டு நோயிற்பூசுதல் கொடுத்ததும் நான்தான்.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்காவது விளக்க வேண்டும், உனக்கு வேண்டியதில்லை.

உன் தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன், மருந்து சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்த அன்று சமையலறையில் நின்றபடியே படித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் பயந்துபோய் விசாரித்தார். அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. பாவசங்கீர்த்தனத்தில், ஒருவர் தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும்போது, காதில் விழுந்ததை அவர் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது. என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை, இன்னாரைப் பற்றிச் சொன்னார், சொல்லவில்லை என்றுகூடக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றேன்.

"அப்ப உன் தம்பி வாய்க்குப் பூட்டு போட்டாச்சு. சாவி யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல."

"போப்கிட்டகூடவா?"

"அவர்கிட்டகூட இல்ல."

"எங்க ஒர்க் ஷாப்புல அந்த மாதிரி பூட்ட உடைச்சுத்தான் எடுப்போம்" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த வழி அது.

சரி, பூட்டுக்கு உள்ளே இருப்பதை நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால்? அதற்குப் பின்னால்? அன்று காலையில், முந்தின நாள், கண்ணை மூடும்போது? உன்னை மகனாக நினைத்துப் பேசினாரே, அதில் நான் எங்காவது வந்தேனா? அதைச் சொல்ல உன்னை எந்தச் சட்டமும் தடுக்காது. யோசித்து எழுது.

அக்கா

மே 15

அன்பு அக்காவுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

முன்னால்: முந்தின நாள் தலையணை உயரம் என்று சண்டை போட்டார். மழை வருமா என்று கேட்டார். கோவில் பாட்டுக்குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் சுருதி சேராமல் பாடுகிறான் என்றார். அன்று காலையில் தண்ணீர் கேட்டார், பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தள்ளிவிட்டார். உன்னைப் பற்றி அதில் எதுவும் இல்லை. நானாக உன் பேச்சை எடுக்கப் பயந்தேன். அவர் கோபத்தோடு போய்விடுவாரோ என்ற பயம்.

பின்னால்: ஒன்றும் இல்லை அக்கா. பாவப் பொறுத்தல் செபம் சொல்லி முடித்ததும் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. சாயங்காலம் போய்விட்டார்.

நர்ஸம்மா வேலையை விட்டுவிட்டு, மகளோடு இருப்பதற்கு உன் ஊருக்கே வருகிறார். அப்பாவின் மூக்குக் கண்ணாடியை அவரிடம் கொடுத்து உன் கடை விலாசத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் கொண்டுவந்து தருவார். கண்ணாடிக்கு உன்னைவிட உரியவர் யாரும் எனக்குத் தோன்றவில்லை.

உன் தம்பி

ஜூன் 3

தம்பி,

முன்னால் இல்லை, பின்னால் இல்லை. அப்படியானால் இருந்தது என்றால் நடுவில்தான் இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் என்னைப் பற்றி வாய் திறந்திருந்தால் எனக்கு ஒரு அப்பா உண்டு. திறக்கவில்லை என்றால், சாகும்போதுகூட நான் ஞாபகத்துக்கு வராதவள். இந்த இரண்டில் நான் எது என்பது உலகத்திலேயே உனக்கு மட்டும்தான் தெரியும். நீயோ எனக்குச் சாப்பிடு, தூங்கு என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

நான் சாமியாரிடம் கேட்கவில்லை. என் தம்பியிடம் கேட்கிறேன். உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போனவள் கேட்கிறேன். இந்த வயதில் நான் கடையில் கண் சோதிக்கும் அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு அழுகிறேன், வாடிக்கையாளர் வந்தால் கண்ணுக்கு மருந்து விட்டேன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

எழுதக்கூட வேண்டாம். அடுத்த கடிதத்தில் மேல் மூலையில் ஒரு புள்ளி வை. மன்னித்தார் என்றால் வலது பக்கம், இல்லையென்றால் இடது பக்கம். புள்ளி வைப்பது பேசுவது ஆகாது. யார் கேட்டாலும் பேனா தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒன்றைச் செய், இனி சாகும்வரை உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா

ஜூன் 30

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை.

இதை மறுபடி மறுபடி எழுதுகிறேன். முதல் தாளின் ஓரத்தில் பேனா கசிந்துவிட்டது, கிழித்துப் போட்டேன். அடுத்த தாளில் என் கட்டைவிரல் அழுக்கு ஒட்டியது, அதையும் கிழித்தேன். இப்போது பென்சிலால், கையைத் துடைத்துவிட்டு, தாளின் நடுவில் மட்டும் எழுதுகிறேன். மூலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. அங்கே எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதற்கும் அர்த்தம் எதுவும் இல்லை.

தம்பியிடம் கேட்கிறேன் என்கிறாய். அந்தச் சாமியாரும் உன் தம்பியும் இரண்டு பேராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், ஒருவனை உன்னிடம் அனுப்பிவைத்திருப்பேன். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாலும் உள்ளே இருப்பவன் இவன்தான் அக்கா. நம் வீட்டில் அப்படித்தானே வளர்த்தார்கள். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்ட கை நம்முடையது. எது நான், எது அவர்கள் சொல்லிக்கொடுத்தது என்று என்னால் பிரித்து எடுக்க முடியவில்லை. உன்னால் முடிந்தது என்று நினைத்து உன்மேல் பொறாமைப்பட்டதும் உண்டு.

என்னைத் திட்டு, ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

உன் தம்பி

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை நாள் வேண்டுமென்றேதான் எழுதாமல் இருந்தேன். நலமா? இங்கே சின்னவளுக்கு இரண்டு பல் விழுந்திருக்கிறது, வேறு சேதம் எதுவும் இல்லை.

போன வாரம் உன் நர்ஸம்மா கடைக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், கடையில் நான் மட்டும்தான். கைக்குட்டையில் சுற்றிய அப்பாவின் கண்ணாடியை எடுத்து வைத்தார். காதில் மாட்டும் ஒரு காம்பு உடைந்து நூல் சுற்றியிருந்தது. எத்தனை நாளாக அப்படிப் போட்டுக்கொண்டிருந்தாரோ, கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற மகளை வைத்துக்கொண்டு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாளும் தனக்குக் கிட்டத்துப் பார்வை மங்குகிறது, சோதித்துப் பாருங்கள் என்றார். சோதித்து அளவு எழுதி, பிரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தபடியே அவர் பேச ஆரம்பித்தார்.

"ஐயா போன அன்னிக்கு நான் அங்கதாம்மா இருந்தேன். உங்க தம்பி கைய புடிச்சு, 'டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா'ன்னாரு. சாமி உடனே, 'பொறுங்கப்பா'ன்னு சொல்லி பையிலேருந்து ஊதாத் துணி ஒண்ண எடுத்து கழுத்துல போட்டாரு. அதப் பாத்ததும் ஐயாவும் நெத்தியிலயும் நெஞ்சுலயும் தொட்டு கும்பிட்டாரு. என்னை வெளிய இருக்கச் சொன்னாங்க. நான் வெந்நி பாத்திரத்தோட கதவுக்கு அந்தப் பக்கம் நின்னேன். ஐயாவுக்குத்தான் காது கேக்காதே. மெதுவா பேசுறோம்னு நெனச்சுகிட்டு சத்தமா பேசுனாரு. அத்தனையும் கேட்டுச்சும்மா. அத உங்ககிட்ட சொல்லாம எனக்கு மனசு ஆறல..."

தம்பி, அந்த இடத்தில் என் கை போய் அவர் வாயைப் பொத்திவிட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி, பிரேம் எல்லாம் கீழே விழ, ஒரு பெரிய மனுஷியின் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். "வேண்டாம்மா, சொல்லாதீங்க" என்று நான் சொல்வது எனக்கே கேட்கிறது. அவர் மிரண்டுபோனார். "நல்லதுக்குத்தானேம்மா சொல்ல வந்தேன்" என்றார். "நல்லதோ கெட்டதோ, அது உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன். யார் சொன்னது அது? நான் சொல்லவில்லை. பாட வகுப்பில் மேசையை இரண்டு விரலால் தட்டிக்கொண்டு அப்பா சொல்வாரே, அடுத்தவன் பாவசங்கீர்த்தனம் தவறிப்போய் உன் காதில் விழுந்தால் நீயும் சாமியார் மாதிரியே வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று, அந்தக் குரல் என் வாயில் வந்தது.

உன் அத்தானிடம் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "ஆறு மாசமா இதுக்குத்தான அழுத? கடை தேடி வந்து சொல்றேன்னாங்க, வாயப் பொத்துனியா? நீ கோயில விட்டு வந்துட்டேன்னு யாரு சொன்னது? எங்கிட்ட சொன்னப்ப நான் நம்பிட்டேன்" என்றார். இத்தனை வருஷமாக நான் பூசைக்குப் போனதில்லை, நற்கருணை வாங்கியதில்லை, என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததில்லை. எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் நர்ஸம்மாவைத் தேடிப்போய்க் கேட்டுவிட வேண்டும் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். அவர் கண்ணாடி தயாரானதும் நான் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுக்கும்படி கடையில் சொல்லியிருக்கிறேன்.

அப்பா இருந்திருந்தால் என்னை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பார். பெருமைப்பட்டுக்கொண்டே, வாசலில் ஏற்றாமல் அனுப்பியிருப்பார்.

நீ தெரிந்துதான் நர்ஸம்மாவை அனுப்பினாயா?

அக்கா

ஆகஸ்ட் 25

அன்பு அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நர்ஸம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன் விலாசத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். அப்படித்தான் செய்திருப்பேன் என்று நம்புகிறேன்.

நீ அவர் வாயைப் பொத்தியது சரியா தவறா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நல்லவேளை என்று எழுதினால் உனக்கு ஒன்று தெரிந்துவிடும். ஐயோ என்று எழுதினால் வேறொன்று தெரிந்துவிடும். அதனால் எதையும் எழுதவில்லை, அந்தப் பகுதியைப் படித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் அந்த ஊதாத் துணியைப் பற்றி அவர் சொன்னது நடந்ததுதான். நோயாளி யாராவது என் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தால் என் கை பைக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர், எல்லோருக்கும் அப்படித்தான். அப்பா பாவசங்கீர்த்தனம் செய்ய நினைத்தாரா, பெற்ற பிள்ளையிடம் எதையோ பேச நினைத்தாரா என்று நான் கேட்டிருக்கலாம். அவரும், நான் அப்படி நினைக்கலடா என்று சொல்லியிருக்கலாம். அவரோ துணியைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டார். நம் மூன்று பேரில் ஒருவராவது கொஞ்சம் மோசமான கத்தோலிக்கராக இருந்திருக்கக் கூடாதா அக்கா.

ஆயரிடம் விடுமுறை கேட்டு வாங்கிவிட்டேன். செப்டம்பர் கடைசியில் உன் வீட்டுக்கு வருகிறேன். இத்தனை நாள் அப்பாவுக்குப் பயந்து வராமல் இருந்தது போதும். அந்தக் கடைசி நாளைப் பற்றிப் பேச வேண்டாம். நீ கேட்காதே, நான் சொல்லமாட்டேன். உன் கையால் சாப்பிட்டுவிட்டு, சின்னவளோடு விளையாடிவிட்டு, அத்தானோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். இரண்டு நாள் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் எனக்கு. டிக்கெட் எடுத்தாயிற்று.

உன் தம்பி

செப்டம்பர் 6

என் அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் வீடே தலைகீழானது. உன் அத்தான் வாசல் கதவுக்குச் சாயம் அடிக்க ஆள் பேசிவிட்டார், ஒரு சாமியார் வருகிறார் என்றதும் அவருக்குப் பதற்றம். சின்னவள் உன்னை எப்படிக் கூப்பிடுவது, மாமா என்றா சாமி என்றா என்று கேட்டு உயிரை எடுக்கிறாள். நானும் உனக்காகப் புதுப் படுக்கை விரிப்பு வாங்கினேன். அதை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

தம்பி, நீ வராதே.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. உனக்குப் பொய் சொல்ல வராது, வாயால் மட்டும் இல்லை, முகத்தாலும் வராது. ஐந்து வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டு வந்தால், நீ சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இப்போது என் பிழைப்பே முகம் பார்ப்பதுதான். எழுத்துப் பலகை தெரியாதவர்கள் தெரிகிறது என்று நடிப்பார்கள், புருவத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். நீ என் வீட்டில் செருப்பைக் கழற்றும்போது, என் தட்டில் கை வைக்கும்போது, சுவரில் மாட்டியிருக்கும் அப்பா படத்தைப் பார்க்கும்போது, நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ கண் கலங்கினால் ஒன்றைப் புரிந்துகொள்வேன். கலங்காவிட்டால் இன்னொன்றைப் புரிந்துகொள்வேன். கேட்க மாட்டேன் என்று என் வாய்க்கு நான் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம். கண்ணுக்கு எப்படி வாங்குவது? உன்னைப் பார்க்காமல் உனக்குச் சாப்பாடு போட எனக்குத் தெரியாது.

அப்படி நான் தெரிந்துகொண்டுவிட்டால் உனக்கு அது தெரிந்துபோகும். அதற்குப் பிறகு நீ பீடத்தில் நிற்க மாட்டாய், நின்றாலும் நிம்மதியாக நிற்க மாட்டாய். அப்பா என்ன சொல்லியிருந்தாலும், உன்னை நம்பித்தான் சொல்லியிருக்கிறார். எனக்காக நீ அதை இழக்க வேண்டாம். நர்ஸம்மா வாயைப் பொத்திய கை இப்போது உன்னையும் வாசலில் நிறுத்துகிறது.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எவ்வளவு என்று எழுத வரவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, என்னை "அக்கா" என்று கூப்பிட உலகத்தில் நீ ஒருவன்தான் இருக்கிறாய். உன் அத்தான், "அவன வரச்சொல்லு, நான் அவனுக்கு ஹெல்மெட் மாட்டி உக்கார வைக்கிறேன்" என்கிறார். சிரித்தேன், சிரித்துவிட்டு அழுதேன், அவரும் சேர்ந்து அழுதுவிட்டார்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. போட்டோவும் அனுப்பாதே. மழை பெய்கிறதா, இருமல் விட்டதா, என்ன சாப்பிட்டாய், அதை மட்டும் எழுது. நானும் அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் அம்மா வழியில் எல்லோருக்கும் வயதானால் கண் புரை விழும். எனக்கும் விழும். எல்லோருக்கும் அதற்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறவள் நான். என் கண்ணுக்குச் செய்துகொள்ளப் போவதில்லை. எதிரில் இருப்பவர் முகம் எனக்குப் புகையாகத் தெரியும் நாள் வந்ததும் யாரையாவது விட்டு உனக்கு எழுதச் சொல்கிறேன். அன்றைக்கே புறப்பட்டு வந்துவிடு தம்பி.

உன் அக்கா